கொள்ளு படித்த எழுத்து

(பெரம்பலூரில் ஒரு மாலைக் கூட்டத்தில், பெரம்பலூர், அரியலூர் மாவட்ட ஆசிரியர்கள், மாணவர்கள், பொதுமக்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேசை மேல் ஐந்து கிண்ணங்கள் இருக்கின்றன. முதல் கிண்ணத்தில் கொள்ளு. இரண்டாவதில் நிலக்கடலை, ஆண்டிமடம் பக்கத்துக்காரர்களுக்கு மல்லாட்டை. மூன்றாவது ராஜ்மா, இது மட்டும் நம் காட்டில் விளைந்ததில்லை, மளிகைக் கடையில் வாங்கியது. நான்காவது ஆமணக்கு விதை, கொட்டைமுத்து. ஐந்தாவது குன்றிமணி. கடைசி இரண்டு கிண்ணங்களுக்கும் மூடி போட்டு வைத்திருக்கிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும். குழந்தைகள் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

கூட்டம் ஏற்பாடு செய்தவர்கள் எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். நம் உடம்பில் இருக்கும் ஒரு செல் எப்போது வளரலாம், எப்போது சாக வேண்டும் என்று அதற்கு யார் சொல்கிறார்கள், அதைப் பற்றி என்றேன். "அதை டாக்டர்தானே ஐயா பேசணும்? நீங்க பருப்பும் கொட்டையும் கொண்டாந்திருக்கீங்களே?" என்றார் ஒரு தம்பி. இந்த ஒரு மணி நேரமும் அந்தத் தம்பிக்குச் சொல்லும் பதில்தான்.

பிரிவது நமக்குப் புதிதில்லை. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. அடுத்த ஆண்டே இரண்டையும் திரும்பச் சேர்த்தார்கள். 2007இல் மறுபடியும் பிரித்தார்கள். ஒவ்வொரு தடவையும் அரசாணை வந்தது. ஆணை இல்லாமல் ஒரு தாலுகாகூட இடம் மாறவில்லை. செல்லும் அப்படித்தான். தன் இஷ்டத்துக்குப் பிரிவதில்லை. ஆணை இல்லாமல் பிரிந்துகொண்டே போனால் அது புற்று. சாகச் சொன்ன பிறகும் சாகாமல் உட்கார்ந்திருந்தால் அதுவும் புற்றுக்கு வழி. அந்த ஆணை எந்த எழுத்தில் எழுதியிருக்கிறது, அதை வாசிப்பது யார் என்பதுதான் இன்றைய கேள்வி.

ரத்த வங்கியில் கொள்ளு

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று நமக்குத் தெரியும். ரத்த வங்கிக்கும் கொள்ளு என்பது பலருக்குத் தெரியாது. ரத்த வங்கியின் குளிர்பெட்டியில் 'ஆன்டி-ஏ1 லெக்டின்' என்று ஒரு சிறு குப்பி இருக்கும். அதற்குள் இருப்பது கொள்ளின் சாறு. ஏ வகை ரத்தத்தில் ஏ1, ஏ2 என்று உட்பிரிவுகள் உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்ல உலகம் முழுக்க இன்றும் கொள்ளைத்தான் கேட்கிறார்கள்.

இதைக் கண்டது நம் நாட்டில். புனேயில் ராணுவ மருத்துவப் பணியில் இருந்த ஜி. டபிள்யூ. ஜி. பேர்ட் என்ற மருத்துவர், 1951இல் பெங்களூரிலிருந்து வரும் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். கொள்ளின் சாறு மனித ரத்தச் சிவப்பணுக்களில் சிலவற்றை மட்டும் தேர்ந்து ஒட்டவைக்கிறது என்பதுதான் அதன் சாரம்.

நான் முன்பு பாடம் நடத்திய ஆய்வகத்தில் இன்று காலை இதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நேற்று இரவு ஊறவைத்த கொள்ளு ஒரு பிடி. அதை அரைத்து, உப்பு நீரில் கலக்கி, வடிகட்டி, தெளிந்த சாற்றை எடுத்துக்கொண்டேன். இரண்டு கண்ணாடிச் சில்லுகள். ஒன்றில் என் ரத்தம், ஏ1 வகை. இன்னொன்றில் ஆய்வக உதவியாளரின் ரத்தம், ஓ வகை. இரண்டையும் உப்பு நீரில் கழுவி ஒரு சொட்டு வைத்து, கொள்ளுச்சாறு ஒரு சொட்டு விட்டு, சில்லை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்தேன். திரையில் இருக்கும் படத்தைப் பாருங்கள். ஓ வகை, குங்குமம் கரைத்த தண்ணீர் மாதிரி அப்படியே சீராக இருக்கிறது. என் ரத்தம் திரிந்த பால் மாதிரி திட்டுத் திட்டாகிவிட்டது. கொள்ளுக்கு என்னையும் அவரையும் வேறுபடுத்தத் தெரிந்திருக்கிறது!

எதை வைத்துத் தெரிந்துகொண்டது? என் சிவப்பணுவின் மேல் ஒரு சர்க்கரை முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. அசிட்டைல் கேலக்டோசமைன் என்று பெயர். பி வகைக்காரர்களுக்கு அந்த இடத்தில் கேலக்டோஸ். ஓ வகைக்கு இரண்டும் இல்லை, அடியில் இருக்கும் சங்கிலி மட்டும். அந்த அடிச்சங்கிலியை முடிக்கும் சர்க்கரைகூட இல்லாத ஒரு வகையை 1952இல் பம்பாயில் கண்டார்கள். அதுதான் 'பம்பாய் ரத்த வகை'. ஆக, ரத்த வகை என்று நாம் சட்டைப் பையில் எழுதி வைத்துக்கொள்வது சர்க்கரையின் எழுத்து. ஏ2காரர்களிடமும் அதே எழுத்துதான் இருக்கிறது, ஆனால் ஏ1காரர்களிடம் இருப்பதில் ஏறத்தாழக் கால் பங்குதான். கொள்ளுச்சாற்றைச் சரியான அளவுக்கு நீர்க்க வைத்தால் ஏ1ஐ மட்டும் பிடிக்கும். எழுத்து என்ன என்பதோடு, எத்தனை எழுத்து என்பதையும் கொள்ளு எண்ணுகிறது.

இப்படிச் சர்க்கரையைத் தேர்ந்து பற்றும் புரதங்களுக்கு 1954இல் பாஸ்டனில் வில்லியம் பாய்டும் எலிசபெத் ஷேப்லியும் 'லெக்டின்' என்று பெயர் வைத்தார்கள். தேர்ந்தெடுப்பது, பொறுக்குவது என்று பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நேராகத் தமிழாக்கினால் 'பொறுக்கி' என்று வந்து நிற்கும். எனவே லெக்டின் என்றே சொல்லிக்கொள்வோம்.

ஒரு விஷயத்தை இங்கேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் சொல்லும் சர்க்கரை டீயில் போடும் அஸ்கா இல்லை. செல்லின் வெளிச்சவ்வு முழுக்கப் புரதங்களிலும் கொழுப்புகளிலும் கிளை கிளையாக ஒட்டியிருக்கும் சங்கிலிகளைச் சொல்கிறேன். ஒவ்வொரு செல்லும் இப்படி ஒரு சர்க்கரைப் போர்வை போர்த்திக்கொண்டுதான் இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவருக்கும் உண்டு, இல்லாதவருக்கும் உண்டு.

மூடி போட்ட கிண்ணங்கள்

எங்கள் பாட்டி விளக்கெண்ணெய் காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறேன். கொட்டைமுத்தை வறுத்து, உரலில் போட்டு இடித்து, பெரிய பானைத் தண்ணீரில் கொட்டிக் கொதிக்கவிடுவார். எண்ணெய் மேலே மிதந்து வரும். அகப்பையால் அதை மொண்டு வேறு சட்டியில் ஊற்றி, நீர் வற்றிச் சடசடப்பு அடங்கும் வரை திரும்பக் காய்ச்சுவார். அடியில் தங்கிய சக்கை குப்பைக் குழிக்குப் போகும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் காட்டக்கூட மாட்டார். ஏன் பாட்டி என்றால், "செத்துப்போயிரும்டா" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

விளக்கத்தைத் தேடத் தொடங்கியவர் பீட்டர் ஹெர்மன் ஸ்டில்மார்க். இன்று எஸ்தோனியாவில் டார்டு என்று அழைக்கப்படும் டோர்பாட் நகரப் பல்கலைக்கழகத்தில், 1888இல், ஆமணக்கு விதையின் நஞ்சைத் தன் ஆய்வேடாக எழுதினார். அந்த நஞ்சு ஒரு புரதம், அது சிவப்பணுக்களை ஒட்டவைக்கிறது என்று காட்டினார். ரைசின் என்று பெயரிட்டார். லெக்டின் என்ற துறையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. நம் ஊரில் பருத்திக்கும் கடலைக்கும் வரப்போரம் பொறிப்பயிராக நிற்கிறதே, அந்த ஆமணக்கிலிருந்து.

ரைசினுக்கு இரண்டு கை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை கேலக்டோஸ் சர்க்கரையைப் பற்றும். செல்லின் வாசலில் அந்தச் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டால், வேண்டிய விருந்தாளி என்று நினைத்துச் செல் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போனதும் இரண்டாவது கை வேலையைத் தொடங்கும். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் பட்டறைகளுக்கு ரைபோசோம் என்று பெயர். ஒவ்வொரு பட்டறையிலும் ஒரே ஒரு அடினைனை மட்டும் அது பிடுங்கி எறிகிறது. 1987இல் ஜப்பானில் எண்டோவும் சுருகியும் இதைக் கண்டுபிடித்தார்கள். ஓர் ஆணி போனதும் பட்டறை நின்றுவிடும். ஒரே ஒரு ரைசின் மூலக்கூறு நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டறைகளை நிறுத்தும். எண்ணெயில் இந்தப் புரதம் கரையாது, சூட்டில் குலைந்துபோகும். பாட்டியின் வறுத்தலுக்கும் கொதித்தலுக்கும் இதுதான் பொருள்.

நஞ்சில் குன்றிமணியும் இதே குடும்பம். தட்டான் தராசில் எடைக்கல், களிமண் பிள்ளையாருக்குக் கண். 'குந்துமணித் தங்கம்கூட இல்லை' என்று பேச்சிலும் வந்துவிட்டது. அதன் நஞ்சுக்கு அப்ரின் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டு இந்தியாவில் குன்றிமணி விழுதை ஊசியாக உருட்டி மாட்டின் தோலுக்குள் குத்திக் கொன்று தோலைத் திருடும் கூட்டங்கள் இருந்தன. 1884இல் கல்கத்தாவில் வார்டன், வாடெல் என்ற இருவர் இந்த நஞ்சை ஆராய்ந்து, இது கிருமியின் வேலை இல்லை, விதையிலேயே இருக்கும் பொருளின் வேலை என்று நிறுவினார்கள். 1891இல் ஜெர்மனியில் பால் எர்லிக் ரைசினையும் அப்ரினையும் சிறுகச் சிறுகச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பழக்கினார். ரைசினுக்குப் பழகிய எலி ரைசினைத் தாங்கியது, அப்ரினில் செத்தது. ஒரு நஞ்சுக்கு உண்டான எதிர்ப்பு இன்னொரு நஞ்சுக்கு உதவாது என்ற நோய் எதிர்ப்பியலின் அடிப்படைப் பாடம், நம் வேலியோரக் கொடியிலிருந்தும் வரப்போரச் செடியிலிருந்தும் போனது.

இந்த ஆமணக்கு லெக்டினுக்கு நம் மாநிலத்திலேயே ஒரு வரலாறு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பிமல் குமார் பச்சாவத் என்ற உயிர்வேதியியலாளர் நெடுங்காலம் பணியாற்றினார். அவரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர் அவதேஷ சுரோலியா. ஆமணக்கு லெக்டின் ஒரு செயற்கைக் கொழுப்புக் குமிழியின் மேலிருக்கும் சர்க்கரையை எப்படிப் பற்றுகிறது என்று இவர்கள், பொத்தர் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து, 1975இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். செல்லின் உயிர்ச்சிக்கல்கள் எதுவும் இல்லாமல், வெறும் சர்க்கரையும் வெறும் புரதமும் நேருக்கு நேர் சந்திப்பதைப் பார்க்க அது ஒரு வழி.

தவறி விழுந்த ராஜ்மா

இதுவரை சாவு. இப்போது வளர்ச்சி.

1960இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவல் ரத்த வெள்ளணுக்களை வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தத்திலிருந்து சிவப்பணுக்களை ஒட்டவைத்து ஒதுக்குவதற்காக ராஜ்மாவின் லெக்டினைச் சேர்ப்பது அப்போது வழக்கம். சிவப்பணு ஒதுங்கியது. கூடவே எதிர்பாராத ஒன்றும் நடந்தது. பிரியவே பிரியாது, இதோடு இதன் ஆயுள் முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருந்த வெள்ளணுக்கள் திடீரென்று பருத்து, பிரியத் தொடங்கிவிட்டன. தூண்டியது எது என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தால், ராஜ்மா!

இன்று மரபணு சம்பந்தமான குறை இருக்குமோ என்று குழந்தையின் ரத்தத்தைக் குரோமோசோம் சோதனைக்கு அனுப்பினால், முடிவு வர ஏன் இத்தனை நாளாகிறது என்று பெற்றோர் தவிப்பார்கள். ஒரு காரணம் இதுதான். வெள்ளணுக்களுக்கு ராஜ்மா லெக்டினைக் கொடுத்து மூன்று நாள் வளர்த்து, அவை பிரியும் தறுவாயில் நிறுத்தினால்தான் குரோமோசோம்களை எண்ண முடியும்.

இப்போது இரண்டு கிண்ணங்களையும் பக்கத்தில் வையுங்கள். ஆமணக்கும் செல்லின் சர்க்கரையைத்தான் தொடுகிறது, ராஜ்மாவும் சர்க்கரையைத்தான் தொடுகிறது. ஒன்று தொட்டால் சாவு, ஒன்று தொட்டால் வளர்ச்சி. விதைகள் எங்கிருந்தோ வந்து அழுத்தும் இந்தப் பொத்தான்கள் நம் செல்லில் ஏன் இருக்கின்றன? ஆமணக்குக்காக யாரும் வாசலில் மணி கட்டி வைத்திருக்க மாட்டார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் அழுத்துவதற்காகத்தான் அவை இருக்க வேண்டும்.

நம் உடம்பின் வாசகர்கள்

உள்ளூர்க்காரரை முதலில் ஈரலில் பிடித்தார்கள். அமெரிக்காவில் கில்பர்ட் ஆஷ்வெல், அனடோல் மோரெல் என்ற இருவர், ரத்தத்தில் மிதக்கும் ஒரு புரதத்தின் சர்க்கரைச் சங்கிலி நுனியிலிருந்த சயாலிக் அமிலத்தை மட்டும் நீக்கிவிட்டு முயலுக்குள் செலுத்தினார்கள். முழுப் புரதம் நாள்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. நுனி போன புரதம் சில நிமிடங்களில் ஈரலுக்குள் காணாமல் போனது. சயாலிக் அமிலத்தை ஒரு தொப்பி என்று எண்ணிக்கொள்ளுங்கள். தொப்பி இருக்கும் வரை கீழே இருக்கும் கேலக்டோஸ் தெரியாது. தொப்பி கழன்றால் தெரியும். அந்தக் கேலக்டோஸை அடையாளம் கண்டு, 'உன் காலம் முடிந்தது' என்று இழுத்துக்கொள்ள ஈரலில் ஒரு லெக்டின் காத்திருக்கிறது.

இந்தத் தொப்பியை மறந்துவிடாதீர்கள். கடைசி வரை வரும்.

1975இல் இஸ்ரேலில் மின்சார விலாங்கிலிருந்து கேலக்டோஸைப் பற்றும் ஒரு சிறு புரதத்தைப் பிரித்தார்கள். பிறகு கோழியில், எலியில், மனிதரில் என்று அதன் உறவினர்கள் வரிசையாக வந்தார்கள். ஆளுக்கொரு பெயர் வைத்துக் குழம்பியதால், 1994இல் ஆய்வாளர்கள் கூடி எல்லாவற்றுக்கும் 'கேலக்டின்' என்று குடும்பப் பெயர் சூட்டி எண் கொடுத்தார்கள். கேலக்டின்-1, கேலக்டின்-3, கேலக்டின்-9 என்று போகும்.

இந்தக் குடும்பம் எவ்வளவு பழையது? நம் சாத்தனூர்க் கல்மரத்துக்கு ஏறத்தாழ 12 கோடி வயது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் குழிகளில் கிடைக்கும் சிப்பியும் அம்மோனைட்டும், இங்கே கடல் அலையடித்த கிரிட்டேசியஸ் காலத்தவை. கேலக்டினோ கடற்பஞ்சுகளிலேயே இருக்கிறது. கடற்பஞ்சின் வம்சம் பிரிந்து 50 கோடி ஆண்டுக்கு மேலாகிறது. பல செல்கள் ஒன்றாகச் சேர்ந்து குடித்தனம் நடத்தத் தொடங்கிய நாளிலிருந்து இந்த வாசகர் கூடவே இருக்கிறார் என்று கொள்ளலாம்.

சாகச் சொல்லும் தொடுகை

சாவு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். இந்த அரங்கில் இருக்கும் வளர்ந்த மனிதர் ஒவ்வொருவர் உடம்பிலும் இன்று ஒரே நாளில் 5,000 கோடிக்கும் மேற்பட்ட செல்கள் ஒழுங்காக, வீக்கமில்லாமல், சத்தமில்லாமல் செத்துக்கொண்டிருக்கின்றன. 1972இல் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். நாம் திட்டமிட்ட செல்சாவு என்போம். இலையுதிர்வு மாதிரி.

காய்ச்சல் வருகிறது. கிருமியை எதிர்க்க டி-செல் என்ற வெள்ளணுக்கள் பெருகுகின்றன. கிருமி ஒழிந்த பிறகு இந்தப் படை என்ன ஆவது? கலைக்காவிட்டால் சொந்த ஊரையே சூறையாடும். மூட்டுவாதம் போன்ற தற்காப்புக் கோளாறுகள் அப்படி வருபவைதான். 1995இல் லாஸ் ஏஞ்சலஸில் லிண்டா பாம் குழுவினர், கிளர்ச்சியடைந்த டி-செல்களைக் கேலக்டின்-1 தொட்டால் அவை திட்டமிட்ட சாவுக்குள் போகின்றன என்று காட்டினார்கள். கேலக்டின்-1 செல்லுக்குள் நுழைவதுகூட இல்லை. வெளியே நின்று, சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றி, அவற்றைத் தாங்கும் புரதங்களைச் சேர்த்து நெருக்குகிறது. அந்த நெருக்கமே உள்ளே செய்தியாகப் போகிறது.

எல்லா டி-செல்லும் சாகுமா? இங்கேதான் தொப்பி திரும்ப வருகிறது. டி-செல்களில் படைப்பிரிவுகள் உண்டு. 2007இல் புவனோஸ் அயர்ஸில் கேப்ரியேல் ராபினோவிச் குழுவினர் ஒன்றைக் கண்டார்கள். அழற்சியை மூட்டிவிடும் இரண்டு பிரிவுகளின் சர்க்கரை நுனி வெறுமையாக இருக்கிறது. கேலக்டின்-1 பற்றிக் கொல்கிறது. குடற்புழு போன்றவற்றை எதிர்க்கும் வேறொரு பிரிவின் சர்க்கரை நுனியில் சயாலிக் அமிலத் தொப்பி இருக்கிறது. கேலக்டின்-1ஆல் பற்ற முடியவில்லை, அது பிழைக்கிறது. புரதம் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். தொப்பி இருந்தால் வாழ்வு, இல்லாவிட்டால் சாவு.

நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். லெக்டின் தன் கையில் தீர்ப்பு எதையும் எடுத்து வருவதில்லை. அது வாசகர். தீர்ப்பு செல்லின் மேல் எழுதியிருக்கிறது. அதை எழுதுவது செல்லேதான்.

வளரச் சொல்லும் பந்தல்

புடலங்கொடிக்குப் பந்தல் போடாவிட்டால் கொடி தரையில் சரிந்து அழுகும். பந்தல் போட்டால் காய் தொங்கும். செல்லின் மேல் 'வளர்' என்ற செய்தியை வாங்கும் ஏற்பிகள் இருக்கின்றன. இவை நிலையாக நிற்பவை இல்லை. அடிக்கடி செல்லுக்குள் அமிழ்ந்துபோகும். அவற்றின் சர்க்கரைக் கிளைகளை வெளியிலிருந்து கேலக்டின்-3 பற்றி, பக்கத்து ஏற்பியோடு பின்னி, ஒரு பந்தல் மாதிரி மேலேயே நிறுத்தி வைக்கிறது. கிளை அதிகமானால் பிடி அதிகம். பிடி அதிகமானால் ஏற்பி வெகுநேரம் மேலே நிற்கும். வளர்ச்சிச் செய்தியும் அவ்வளவு நேரம் வந்துகொண்டிருக்கும்.

டொராண்டோவில் ஜேம்ஸ் டென்னிஸ் குழுவினர் 2007இல் இதில் ஒரு நுட்பத்தைக் காட்டினார்கள். வளரச் சொல்லும் ஏற்பிகளில் சர்க்கரை ஒட்டும் இடங்கள் நிறைய. நிறுத்தச் சொல்லும் ஏற்பிகளில் சில மட்டுமே. செல்லுக்கு ஊட்டம் கூடக் கூடச் சர்க்கரைக் கிளைகளும் கூடும். இடங்கள் நிறைய இருப்பதால் வளரச் சொல்பவை முதலில் பந்தல் ஏறிவிடுகின்றன. ஊட்டம் இன்னும் கூடினால்தான் நிறுத்தச் சொல்பவை திடீரென்று ஏறுகின்றன. முதலில் வளர்ச்சி, பிறகு போதும் என்ற கட்டளை. செல் தன் சாப்பாட்டு நிலவரத்தைச் சர்க்கரையில் எழுதி, அதன்படி நடக்கிறது.

அப்படியானால் கிளை போடும் நொதியை எடுத்துவிட்டால் புற்று தீருமே என்று மாணவர்கள் கேட்பீர்கள். அதையும் இதே குழு செய்து பார்த்தது. 2000இல், அந்த நொதி இல்லாத எலிகளில் புற்று வளர்வதும் பரவுவதும் குறைந்தது. 2001இல், அதே நொதி இல்லாத எலிகளில் டி-செல்கள் சின்னத் தூண்டலுக்கே கொதித்தெழுந்து, சொந்த உடம்பைத் தாக்கின. பந்தலைப் பிரித்தால் களையும் சாயும், கொடியும் சாயும்.

கேலக்டின்-3க்கு இன்னொரு முகமும் உண்டு. செல்லுக்குள் இருக்கும்போது அது சாவைத் தடுக்கிறது. சாவைத் தடுப்பதில் பேர்போன பிசிஎல்-2 என்ற புரதத்தில் இருக்கும் நான்கு அமினோ அமிலங்களின் வரிசை இதிலும் அப்படியே இருப்பதை 1996இல் கவனித்தார்கள். அதே கேலக்டின்-3 செல்லை விட்டு வெளியே வந்து டி-செல்லைத் தொட்டால் கொல்கிறது. வீட்டுக்குள் ஒரு குணம், வெளியில் ஒரு குணம். நம்மில் சிலரைப் போலத்தான்.

புற்று எழுதும் கள்ள எழுத்து

எழுத்து என்று ஒன்று இருந்தால் கள்ளக் கையெழுத்தும் இருக்கும். புற்றுக்கட்டிகள் பல கேலக்டின்-1ஐ ஏராளமாகச் சுரக்கின்றன. தம்மை அழிக்க வரும் டி-செல்களை வாசலிலேயே சாகவைக்கின்றன. 2004இல் ராபினோவிச் குழு எலிகளின் தோல்புற்றில் இதைக் காட்டியது: கட்டியின் கேலக்டின்-1ஐ அடைத்தபோது டி-செல்கள் தப்பின, கட்டி சுருண்டது. காய்ச்சல் முடிந்ததும் படையைக் கலைக்கும் அதே ஆணையை, போர் நடுவில் எதிரி எடுத்துப் பயன்படுத்துகிறான்.

இங்கே நம் இரண்டாவது கிண்ணம், கடலை. கொள்ளைக் கண்ட அதே பேர்ட், 1964இல், கடலையின் லெக்டின் ஓர் உள்மறை எழுத்தைப் படிக்கிறது என்று எழுதினார். டி-ஆன்டிஜென் என்ற அந்தச் சர்க்கரை பல செல்களில் இருந்தாலும், மேலே தொப்பியோ கூடுதல் கிளையோ மூடியிருப்பதால் தெரியாது. மேல்சங்கிலியை முடிக்காமல் அரைகுறையாக விட்டுவிடும் புற்றுச் செல்கள் பலவற்றில் அது வெளியே தெரிகிறது. கடலை லெக்டின் அதைப் பிடிக்கிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற சுரப்பியில் பயிற்சி பெறும் டி-செல்களையும் கடலை பிரித்தறியும்: முதிராதவற்றைப் பற்றும், முதிர்ந்தவற்றை விட்டுவிடும். 1976இல் இஸ்ரேலில் இதைக் கண்டார்கள். அந்தப் பயிற்சிக்கூடத்தில் நூறு பேர் சேர்ந்தால் ஐந்து பேர்கூடத் தேறுவதில்லை; மற்றவை அங்கேயே சாகும்.

கடலை லெக்டினின் முழு வடிவத்தை 1994இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயனும், வேலூரிலிருந்து அங்கே போயிருந்த சுரோலியாவும் குழுவினரோடு கண்டார்கள். நான்கு துண்டுகள் சேர்ந்த புரதம் என்றால் நான்கும் ஒழுங்கான சமச்சீரில் அடுக்கியிருக்கும் என்பது அதுவரை விதி. கடலை அந்த விதிக்கு அடங்காமல், தனக்கென்று ஓர் அடுக்கை வைத்திருந்தது. இரண்டே ஆண்டில் பலாக்கொட்டை லெக்டினின் வடிவமும் அதே கழகத்திலிருந்து வந்தது.

மருந்தும் மார்க்கெட்டும்

நோயாளிக்கு இதனால் என்ன பலன் என்ற கேள்விக்கு வருகிறேன். ரத்தத்தில் கேலக்டின்-3 அளவைப் பார்த்து இதயச் செயலிழப்பு எவ்வளவு முற்றும் என்று கணிக்க உதவும் சோதனைக்கு 2010இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. தைராய்டுக் கட்டி நல்லதா கெட்டதா என்று பார்க்கும்போதும் கேலக்டின்-3ஐ ஒரு தடயமாகக் கொள்கிறார்கள். மருந்தாக மாற்றும் வேலை கடினமாக இருக்கிறது. நுரையீரல் தழும்பேறி இறுகும் நோய்க்குக் கேலக்டின்-3ஐத் தடுக்கும், மூச்சில் இழுக்கும் மருந்து ஒன்று, 2023இல் வெளிவந்த சோதனை முடிவில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஒரே வாசகர் பத்து இடத்தில் பத்து ஓலை படிப்பவர் என்றால், ஒரு வாசிப்பை மட்டும் நிறுத்துவது எளிதில்லை.

ஆகவே, கொள்ளுச்சாறு புற்றைக் கரைக்கும் என்று யாராவது போனில் அனுப்பினால் நம்ப வேண்டாம். கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைத் திரட்டுவது வேறு. வயிறு வழியாகப் போய்க் கட்டியைக் கரைப்பது வேறு. இதற்கு நேர் எதிராக, லெக்டின் விஷம், பருப்பே சாப்பிடாதே என்று இன்னொரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அதுவும் வேண்டாம். ராஜ்மாவைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால் நான்கைந்து விதையே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும், உண்மை. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்க வேகவைத்தால் அந்தப் புரதம் குலைந்துவிடும். மிதமான சூட்டில் வெதுவெதுப்பாக வைத்தால் போகாது. குக்கரில் வைத்தால் கவலையே இல்லை. நம் வீட்டுப் பெண்கள் பருப்பை ஊறப்போடும்போது ஒரு விஞ்ஞானத்தைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களிடம் 'ஏன்' என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 1951இல் பேர்டுக்கு வேண்டியிருந்தது பெரிய இயந்திரம் இல்லை. ஒரு விதை, கொஞ்சம் உப்பு நீர், ஒரு சொட்டு ரத்தம், பிறகு 'இது ஏன் ஒன்றை ஒட்டுகிறது, மற்றதை ஒட்டவில்லை' என்ற கேள்வி. பாட்டியிடம் நான் கேட்டு, 'செத்துப்போயிரும்டா' என்ற பதிலோடு திரும்பி வந்துவிட்டேன். இன்னும் ஒரு 'ஏன்' கேட்டிருக்கலாம்.

நேரமாகிவிட்டது, செந்துறையிலிருந்து வந்தவர்களின் பஸ் போய்விடும். கிண்ணங்களைப் பங்கு வைத்துவிடுகிறேன். கொள்ளை முன்வரிசைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கொடுத்தால் ரசம் வைப்பார்கள், உயிரியல் ஆசிரியரிடம் கொடுத்தால் கண்ணாடிச் சில்லில் வைத்துக் காட்டுவார். கடலை வறுத்ததுதான், வெளியே டீயோடு தருவார்கள். ராஜ்மாவை இரவே ஊறப்போடுங்கள். குன்றிமணி பிள்ளையார் கண்ணுக்கு. எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவேன். ஆமணக்குக் கிண்ணத்தை மட்டும் நானே எடுத்துக்கொண்டு போகிறேன், மூடியோடு.